சோற்றிலும் கீரையிலும் உயிர்ச்சத்து

கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் செல்கையில், செங்குன்றத்து ஆலைகளில் நெல் அவியும் மணத்தை நாம் பலமுறை நுகர்ந்திருப்போம். அதன் பயனை எண்ணிப் பார்த்தவர் சிலரே. நெல்லை ஊறவைத்து அவிக்கையில், தவிட்டிலுள்ள பி1 எனும் உயிர்ச்சத்து அரிசியினுள் ஊடுருவுகிறது. பின்னர் தீட்டினாலும் முற்றிலும் போய்விடுவதில்லை. பச்சரிசியை வெண்மையாகத் தீட்டினாலோ, பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும். ஜாவாத் தீவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்ததை 1890-களில் ஆராய்ந்த டச்சு மருத்துவர் எய்க்மான், 1929-இல் நோபல் பரிசு பெற்றார். பழைய சென்னை மாகாணத்திலும் பெரிபெரி நோய், தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களையே பெரிதும் வாட்டிற்று; புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. ஆயினும் வெள்ளைச் சோறே மேன்மை எனக் கருதும் இல்லங்கள் நம் பங்குகளில் இன்றும் உள. அரிசியைப் பன்முறை கழுவிக் கஞ்சியையும் வடித்துக் கொட்டினால், எஞ்சியதும் போயிற்று!

அந்தி மங்கியதும் தட்டித் தடுமாறும் பிள்ளையைத் தாய்மார் கடிந்துகொள்ளலாகாது. அது மாலைக்கண்ணாக இருக்கலாம். தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுக. முற்றவிட்டால் பார்வையே பறிபோகும். இதைத் தடுக்கவே 1970-இல் நம் நாட்டில் சிறுவர்க்கு வைட்டமின் ஏ மருந்து வழங்கும் திட்டம் தொடங்கிற்று. முருங்கைக்கீரையும் பப்பாளியும் நம் வேலியோரத்திலேயே உள்ளன. கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்தால்தான் அச்சத்து உடலில் நன்கு சேரும்.

தொழிற்பேட்டையில் இரவுப்பணி முடித்துப் பகலெல்லாம் உறங்குவோர்க்கு வெயில் படுவதில்லை. வைட்டமின் டி குறைய அதுவே போதும். விடுமுறை நாளிலேனும் சற்று வெயிலில் நடக்கட்டும். பழவேற்காட்டு மத்தி கிடைத்தால் வாங்கி வரட்டும்.