கருவிழியும் தொடர்கல்வியும்

கி.பி. 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாதில் வாழ்ந்த கண் மருத்துவ அறிஞர் அலீ இப்னு ஈஸா, தம் பெருநூலுக்குத் 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' எனப் பெயரிட்டார். 'கண் மருத்துவர்களுக்கு ஒரு நினைவூட்டல்' என்பது அதன் பொருள். கல்லாதவனுக்குக் கற்பிக்கலாம், கற்றவனுக்கோ நினைவூட்ட வேண்டும். அத்தேவை என்றும் தீராதது என்பதை அப்பெயரே உணர்த்துகிறது.

நினைவூட்டலோடு சோதனையும் இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் சிரியாவின் அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபின் கடமைகளை விளக்கி ஒரு கையேடு எழுதினார். கண் மருத்துவரை ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் 'கண் பற்றிய பத்துக் கட்டுரைகள்' என்னும் நூலில் சோதித்து, கண்ணின் அமைப்பையும் நோய்களையும் மருந்துக் கலவைகளையும் அறிந்தவருக்கே தொழில் புரிய இசைவு தரவேண்டும் என்று அது கூறுகிறது. ஹுனைன் கிறித்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அறிவு எவரிடமிருந்து வந்தது என்பதை அக்காலம் தடையாகக் கருதவில்லை.

இன்றைய இந்தியாவிலும் இதற்கு ஒப்பானதொரு விதி உண்டு. இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்கநெறி விதிகள், மருத்துவர் ஒவ்வோர் ஐந்தாண்டிலும் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வி பெறவேண்டும் என்கின்றன. எனினும் மணிக்கணக்கு நிறைவது வேறு, கல்வி நிறைவது வேறு. இவ்வேறுபாட்டின் விலையை விருதுநகர் மாவட்டத்தில் தெளிவாகக் காணலாம்.

கண்ணின் முன்பகுதியில் கண்ணாடிபோல் அமைந்த கருவிழி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புடையது. அதில் இரத்த நாளங்கள் இல்லை. அதனாலேயே அது ஒளி ஊடுருவும் தன்மை பெறுகிறது. ஆனால் ஒரு தழும்பு விழுந்தாலும் பார்வை மறைகிறது. வயலும் பட்டாசு ஆலையும் அடுத்தடுத்து அமைந்த இப்பகுதியில் இருவகை இடர்கள் அதனைச் சூழ்ந்துள்ளன.

முதலாவது, பூஞ்சைப் புண். கதிரடிக்கையில் நெல் உமியோ தாளோ கண்ணில் கீறினால் பூஞ்சை உட்புகுகிறது. அண்டை மாவட்டமான மதுரையில் 1993-இல் லட்சம் பேருக்கு 113 பேர் என்னும் அளவில் கருவிழிப் புண் தோன்றியதாக ஓர் ஆய்வு கணித்தது. இப்புண்ணைப் பாக்டீரியாப் புண் எனக் கருதி ஸ்டீராய்டுச் சொட்டு மருந்து கொடுத்தால், சிவப்பு தணிவதுபோல் தோன்றும். உள்ளே பூஞ்சை பெருகும். புண்ணைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் நோக்கினால், பூஞ்சையின் இழைகளைச் சில நிமிடங்களில் அறியலாம். சிறு மருத்துவமனையிலும் இயலும் சோதனை இது.

எந்த மருந்து சிறந்தது என்னும் வினாவுக்கும் தென்தமிழகமே விடை கண்டது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை முதன்மைக் களமாகக் கொண்டு 323 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. புதியதும் விலை மிக்கதுமான வொரிகொனசோலைவிடப் பழைய நாட்டாமைசினே மேலானது என்று அது காட்டியது. குறிப்பாக ஃபுசேரியம் வகைப் பூஞ்சையில் இவ்வேறுபாடு பெரிதாயிருந்தது. புதியது யாவும் சிறந்ததன்று என்று அறிவதும் தொடர்கல்வியின் பகுதியே.

இரண்டாவது, பட்டாசுக் காயம். மருந்து கலக்கும்போதோ செலுத்தும்போதோ உராய்வினால் தீப்பற்றினால், வெப்பம், அதிர்ச்சி, வேதிப்பொருள், சிதறும் துகள் ஆகிய நான்கும் ஒருசேரக் கண்ணைத் தாக்குகின்றன. வேதிப்பொருள் பட்ட கண்ணை அக்கணமே தூய நீரால் நெடுநேரம் கழுவுவதே முதல் மருத்துவம். இதனை மருத்துவர் மட்டுமன்றி ஆலையின் மேற்பார்வையாளரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இக்காயத்தின் கொடுமை கருவிழியின் விளிம்பில் உள்ளது. மேற்படலத்தை நாள்தோறும் புதுப்பிக்கும் மூல உயிரணுக்கள் அவ்விளிம்பில்தான் இருக்கின்றன. அவை முற்றும் அழிந்த கண்ணில் கருவிழி மாற்று அறுவை மட்டும் செய்தால், பொருத்தப்பட்ட விழியும் நாளடைவில் மங்கிவிடும். முன்னாளில் பயின்ற அறுவை மருத்துவர் பலருக்கு இதற்கு எளிய வழி கிடைக்கவில்லை. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தின் விரேந்தர் சங்வானும் அவர்தம் குழுவினரும் 2012-இல் ஒரு முறையை வெளியிட்டனர். நலமாயுள்ள மறுகண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுத் திசுவை எடுத்து, சிறு துண்டுகளாக்கி, காயமுற்ற கண்மீது பனிக்குடச் சவ்வு விரித்து அதன்மேல் பதிக்கும் முறை அது. விலைமிக்க ஆய்வுக்கூடம் இதற்குத் தேவையில்லை. கற்ற கைகளே தேவை.

கண் பாதிக்கப்பட்ட தொழிலாளி முதலில் செல்லுமிடம் பெருநகரின் கருவிழி வல்லுநரிடம் அன்று. தம் ஊரின் மருத்துவரிடமே. ஆகவே தொடர்கல்வி மாநாட்டு அரங்குகளில் நின்றுவிடாது, வட்டத் தலைநகர்வரை இறங்கிவர வேண்டும். 2022-இல் விருதுநகரில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இதற்கு உரியதோர் இடமாகலாம்.

1922-இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதால்தான் இவ்வூரின் தொழில் வளம் தொடங்கியது. வெளியே சென்று கற்று வந்து நெருப்பைத் தொழிலாக்கிய மண் இது. அந்நெருப்பினின்று கண்ணைக் காக்கும் கல்வியையும் அதே ஆர்வத்துடன் தேடுவது, மருத்துவரிடமும் ஆலை உரிமையாளரிடமும் நாம் காண விரும்பும் கடமையாகும். நோயாளியின் கண் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். அதைப் பேணுவதற்கான கல்வி பட்டமளிப்பு நாளோடு முடிவதில்லை.