ஒலி புகாக் கதவும் அதன் எஃகு நிலையும்



ஒலிப்பதிவுக் கூடம், வானொலி நிலையம், செவித்திறன் சோதிக்கும் மருத்துவமனை அறை போன்ற இடங்களில் தடித்த கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். இழுத்தால் உடனே வராது. மூடும்போது குளிர்பெட்டியின் கதவைப் போல மெத்தென்று ஒட்டிக்கொள்ளும். அந்தக் கனம்தான் ஒலியைத் தடுக்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, கதவைத் தாங்கி நிற்கும் எஃகுச் சட்டத்திலும் அதைச் சுவரில் பொருத்திய விதத்திலும் இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்க்காத அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். நான் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள். இயற்பியலை மலாயில் படித்தேன். இப்போது பொறியியலை ஆங்கிலத்தில் படிக்கிறேன். வேலைத்தளத்தில் அப்பா 'ஃபிரேம்' என்றுதான் சொல்வார். இதற்குத் தமிழில் என்னவென்று தேடியபோது, "நிலைன்னு சொல்லு. நிலை வைக்க நாள் பார்ப்பாங்களே, அதுதான்" என்றார் பாட்டி. மஞ்சள் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி வைக்கும் அதே கதவு நிலைதான். மரத்துக்குப் பதில் எஃகு, அவ்வளவே!

என் அப்பா கிள்ளான் பள்ளத்தாக்கில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கதவுகளும் எஃகு நிலைகளும் பொருத்தி வருபவர். பல்கலைக்கழக விடுமுறைகளில் அவருடைய கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் செல்வது என் வழக்கம். சென்ற ஆண்டு அப்படிச் சென்ற இடங்களில் ஒன்று, ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் நடக்கும் மிருதங்க வகுப்பு. படிக்கட்டுக்கு எதிரே ஒரு கணக்காய்வு அலுவலகம். அங்கிருந்து இரண்டு முறை புகார் போய்விட்டது. மூன்றாவது புகார் வந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று கட்டட உரிமையாளர் சொல்லிவிட்டார். ஆசிரியரும் பல மாத வகுப்புக் கட்டணத்தைச் சேர்த்து ஒலித்தடுப்புக் கதவு ஒன்றை வாங்கி மாட்டினார். சத்தம் கொஞ்சம் குறைந்தது. புகார் வராத அளவுக்குக் குறையவில்லை.

"அண்ணே, கதவுல ஏமாத்திட்டாங்களோ?" என்று கேட்டார் ஆசிரியர். அப்பா கதவைத் தொடவே இல்லை. நிலைக்காலை விரல் முட்டியால் தட்டினார். 'டங்' என்றது. என் பக்கம் திரும்பி, "கதவ விடும்மா. நிலையப் பாரு" என்றார்.

அவர் காதால் கண்டதைக் கணக்கால் காட்டலாம். ஒலி குறைவதை டெசிபலில் அளக்கிறோம். 10 டெசிபல் குறைந்தால் ஒலியாற்றலில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே கடக்கிறது என்று பொருள். 20 என்றால் நூற்றில் ஒன்று. 50 என்றால் இலட்சத்தில் ஒன்று. ஆனால் திறந்த இடைவெளியோ தன்மேல் விழும் ஒலியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். ஆகவே, கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால், கதவு எவ்வளவு உயர்ந்ததானாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது.

நூற்றில் ஒரு பங்கு என்றால் பெரிய ஓட்டை என்று நினைக்கிறீர்களா? 90 சென்டிமீட்டர் அகலமும் 210 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கதவை எடுத்துக்கொள்வோம். பரப்பு 18,900 சதுர சென்டிமீட்டர். சுற்றளவு 600 சென்டிமீட்டர். சுற்றிலும் வெறும் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே 180 சதுர சென்டிமீட்டர் திறந்து கிடக்கிறது. நூற்றில் ஒன்று கிட்டத்தட்ட வந்துவிட்டதே! 50 டெசிபலுக்குக் காசு கொடுத்தவர் 20 டெசிபலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

கதவு விளம்பரங்களில் எஸ்.டி.சி. என்றொரு எண் இருக்கும். ஒலித்தடுப்பைக் குறிக்கும் தர எண் அது. ஆய்வுக்கூடத்தில் கதவு, நிலை, ரப்பர் அடைப்பு, கீல் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாகப் பொருத்திச் சோதித்துத்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள். வாங்குபவரோ அதைக் கதவின் எண்ணாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

இனி, அந்த 'டங்'குக்கு வருவோம். எஃகு நிலை திடமான கட்டை அன்று. ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் தகட்டை மடித்துச் செய்த கூடு. உள்ளே வெற்றிடம் இருந்தால் தகடு அதிரும். கதவில் தடுக்கப்பட்ட ஒலி, பக்கத்திலுள்ள கூட்டின் வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். வகுப்பில் இருந்த நிலை சுவரில் திருகப்பட்டிருந்தது. பின்னால் இருந்த இடைவெளியில் நுரையை அடித்து, மேலே மெல்லியதாகச் சிமெண்டு பூசி மறைத்திருந்தார்கள். சாதாரண நுரை காற்றடைத்த பொருள், எடையே கிடையாது. ஒலியைத் தடுக்க எடை வேண்டும்.

அப்பா நிலையைக் கழற்றி மறுபடியும் வைத்தார். முதலில் நிலையின் உட்புறத்தில் துருத்தடுப்புப் பூச்சு. பிறகு நிலையைத் திறப்பில் நிறுத்தி, தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டு இரண்டு நிலைக்கால்களையும் செங்குத்தாக்கினார். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தார். இரண்டும் ஒரே அளவு இருந்தால்தான் நிலை சதுரமாக நிற்கிறது என்று அர்த்தம்.

எனக்குப் பிடித்தது அடுத்த சோதனை. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இரண்டு நூல்களைக் குறுக்காகக் கட்டுவார். நடுவில் இரண்டு நூல்களும் மெல்லத் தொட்டுக்கொண்டால் சரி. இடையில் வெளிச்சம் தெரிந்தாலோ ஒன்றையொன்று அழுத்தினாலோ, நிலை முறுக்கிக்கொண்டிருக்கிறது. செங்குத்தும் சதுரமும் சரியாகவே இருக்கலாம். ஆனால் கதவு தட்டையானது, முறுக்கிய நிலையில் மேலே ரப்பரை அழுத்தும், கீழே தொடாது. மேலே சொன்ன 3 மில்லிமீட்டர் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது. லேசர் கருவி வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தேன். நூலை விட அப்பாவுக்கு மனமில்லை.

ஆங்கர் போல்ட்டுகளால் நிலையைச் சுவரில் இறுக்கிய பின், இரு நிலைக்கால்களுக்கும் இடையே மரத்துண்டுகளை முட்டுக் கொடுத்தார். ஏனென்றால் அடுத்து உள்ளே ஊற்றப்போகும் சிமெண்டுக் கலவை கனமானது; முட்டு இல்லாவிட்டால் தகட்டை உள்நோக்கித் தள்ளி வளைத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, வெளியே தட்டித் தட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினோம். நிரம்பிய இடம் 'டொக்' என்றது. நிரம்பாத இடம் 'டங்'. அந்த ஓசையைக் கேட்டே எங்கே வெற்றிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். கலவை இறுகும்வரை முட்டை எடுக்கவில்லை. 50 கிலோவைத் தாண்டும் கதவை மூன்று நாள் கழித்துத்தான் மாட்டினார். நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள கோட்டில் இருபுறமும் இறுகிப்போகாத மீள்தன்மைப் பசை இட்டார். வெறும் சிமெண்டு இட்டால் கதவு அடிபட அடிபட மயிரிழையாகப் பிளந்துவிடும்.

கீழ்ப்பகுதிதான் மிகவும் சங்கடமானது. கதவின் அடியில், மூடும்போது தானாக இறங்கித் தரையை அழுத்தும் ஓர் அடைப்பைப் பொருத்தினார். நம் நாட்டில் எங்கும் தரையோடுதான். ஓடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளக்கோடு கதவுக்கு அடியில் ஓடினால், அதுவே ஒலிக்கு ஒரு கால்வாய். ஆகையால் அங்கே சமமான ஓர் எஃகுப் படியையும் பதித்தார்.

சோதனைக்குப் பெரிய கருவி ஏதும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, கதவின் மறுபுறம் நான் கைவிளக்கைப் பிடித்துச் சுற்றிலும் நகர்த்தினேன். வெளிச்சம் தெரியும் இடத்தில் ஒலியும் வரும். பிறகு ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தோம். சுற்றிலும் ஒரே பிடிமானம் இருந்தது.

அன்று மாலை நான் எதிர் அலுவலகத்து வாசலில் நிற்க, உள்ளே ஆசிரியர் வாசித்தார். வலந்தலையின் நாதம் காணாமல் போயிருந்தது. தொப்பியின் 'தொம்' மட்டும் எங்கோ தூரத்தில் கேட்பது போல மெல்லக் கேட்டது. தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலியைத் தடுப்பது எப்போதுமே கடினம். அதற்குக் கதவை மாற்றினால் போதாது, அறைக்குள் அறை கட்ட வேண்டும். ஆசிரியர் அலுவலகத்தாரிடம் பேசி, மூத்த மாணவர்களின் வகுப்பை ஆறு மணிக்குப் பிறகு மாற்றிக்கொண்டார். மூன்றாவது புகார் இதுவரை வரவில்லை.

திரும்பும் வழியில் கூலியைப் பற்றிக் கேட்டேன். "கதவுக்கு எவ்வளவு சொன்னாலும் குடுப்பாங்க. நிலை வைக்கிற கூலிக்குத்தான் பேரம் பேசுவாங்க" என்றார் அப்பா. முதலில் அந்த நிலையை வைத்தவர்களை அவர் குறை சொல்லவில்லை. ஒரே நாளில் முடிக்கச் சொன்னால் யாரானாலும் நுரைதான் அடிப்பார்கள் என்றார்.

உங்கள் இசைக்குழுவோ வகுப்போ இப்படியொரு கதவு வாங்கும் எண்ணத்தில் இருந்தால், நிலைக்குள் எதை நிரப்பப் போகிறார்கள் என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு தட்டியும் பாருங்கள். ரப்பர் அடைப்பின்மேல் சாயம் பட்டால் அது இறுகிப் பயனற்றுப் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். தீபாவளிக்குச் சாயம் அடிக்க வருபவர்களுக்காக, அந்த ஆசிரியர் நிலையின் மேல் "ரப்பரில் சாயம் பூசாதீர்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்.