மலைக்கு அடுப்பு வேண்டாம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டு நாள் நடக்கக் கிளம்புகிறவர்கள், பையில் முதலில் ஒரு சின்ன கேஸ் அடுப்பைத்தான் வைக்கிறார்கள். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்பேன். மாசி, பங்குனியில் மலைப்புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். ஒரு பொறி போதும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படியும் குற்றம்.

அப்படியானால் பிஸ்கட்டும் வாழைப்பழமும்தானா? இல்லவே இல்லை. வேகாத மாவுச்சத்து நமக்கு எளிதில் செரிக்காது, அதனால் வேக்காடு வேண்டும்தான். ஆனால் அதை மலைமேல்தான் செய்ய வேண்டுமா என்ன? வேக்காடு முடிந்தே வரும் பொருள்கள் நம் மளிகைக்கடையில் இருக்கின்றன. அவலுக்கு நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடிக்கிறார்கள். உள்ளே அரிசி வெந்து தட்டையாகிவிடுகிறது. அதனால்தான் பச்சைத்தண்ணீரிலேயே அது மெத்தென்று ஆகிறது. பொரியும் பொட்டுக்கடலையும்கூடச் சூடு கண்டு வந்தவைதான்.

அவலில் கெட்டி அவலை வாங்குங்கள். மெல்லிசு அவல் பைக்குள் நொறுங்கிப் பொடியாகும், ஊறினால் குழையும். ஆளுக்கு ஒருவேளைக்கு 100 கிராம் கணக்கு. வாய் அகன்ற டப்பாவில் போட்டு, நன்றாக நனையும்படி தண்ணீர் விட்டு, மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடங்கள். அரைமணி நேரத்தில் ஊறியிருக்கும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு வீட்டில் கிண்டிய புளிக்காய்ச்சலையும் வறுத்த வேர்க்கடலையையும் சேர்த்துப் பிசைந்தால் புளி அவல் தயார். காலை வேளைக்கு வெல்லத்தூளும் கொப்பரைத் துருவலும் போதும். பச்சைத் தேங்காய் மட்டும் வேண்டாம். வெயிலில் சில மணி நேரத்தில் ஊசிப்போகும்.

பொட்டுக்கடலை மாவையும் விட்டுவிடாதீர்கள். பீகாரில் வயலில் உழைப்பவர்கள் வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டுக் குடிப்பது வழக்கம். அதற்கு ‘சத்து’ என்றே பெயர். நாம் சீரகத்தூளும் மிளகுத்தூளும் சேர்த்துக்கொள்ளலாம். அதே மாவில் சர்க்கரையும் நெய்யும் சேர்த்தால் மாலாடு. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தரும், மாவுச்சத்து 4 தான் தரும். முதுகில் சுமக்கிறவருக்கு நெய்யும் வேர்க்கடலையும் அவ்வளவு லாபம்.

புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாம் முதல்நாள் மதியத்தோடு சரி. சோற்றின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மறுநாளுக்கு மிச்சம் வைத்தால் ஆபத்தும் உண்டு. கொதியிலும் சாகாத சில கிருமி வித்துகள் ஆறிய சோற்றில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்தச் சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலும் நஞ்சு போகாது.

பலரும் யோசிக்காத ஒன்று தண்ணீர். அடுப்பு இருந்தால் ஓடைத்தண்ணீர் கொதித்துக் கிருமி செத்துவிடும். அடுப்பில்லாமல் அவல் ஊறவைக்கும்போது அந்தத் தண்ணீரை அப்படியே உண்கிறோம். ஓடை எவ்வளவு தெளிவாக ஓடினாலும், மேலே யானையோ மாடோ இறங்கியிருக்கலாம். ஆகவே நல்ல வடிகட்டியோ குளோரின் மாத்திரையோ கட்டாயம் வேண்டும். மாத்திரை போட்டால் அட்டையில் சொன்ன நேரம் வரை பொறுத்திருங்கள். ஓடையே இல்லாத தடத்தில் ஊறவைக்கும் தண்ணீரையும் நீங்களே சுமக்க வேண்டும் என்பதால், அங்கே மாலாடும் கடலைமிட்டாயும்தான் தோது.

வியர்வையில் போகும் உப்புக்கு உப்பு நார்த்தங்காய் இரண்டு துண்டு. டீ இல்லாமல் முடியாதவர்கள் முதல்நாளுக்கு ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போகலாம்.

கிளம்புவதற்கு முன் ஒருநாள் வீட்டிலேயே அடுப்பைத் தொடாமல் இவற்றைச் செய்து சாப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் வாங்கிய அவல் ஊற எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மலைமேல் தண்ணீர் சில்லென்றிருக்கும், அங்கே இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆகும்.