பிரசவத் தொட்டியின் நீர்

பிரான்சு தேசத்தில் பாரிஸ் நகருக்குத் தெற்கே உள்ள பித்திவியே என்னும் சிற்றூரின் மருத்துவமனையில் பிரசவப் பகுதிக்குப் பொறுப்பேற்றிருந்த மிஷேல் ஓதான் என்னும் அறுவை வைத்தியர், தோட்டத்தில் குழந்தைகள் இறங்கி விளையாடுவதற்கென்று கடைகளில் விற்கும் காற்றடிக்கிற தொட்டி ஒன்றை 1970-களில் வாங்கிவந்து, அதில் வெந்நீர் நிரப்பி, வேதனை தாளாமல் தவித்துக்கொண்டிருந்த கர்ப்பிணிகளை அதில் இறங்கி இளைப்பாறச் சொன்னார். குழந்தை தண்ணீருக்குள்ளேயே பிறக்க வேண்டும் என்பது அவருடைய சங்கல்பமாக இருக்கவில்லை. மருந்தின்றி வலியைத் தணிக்க ஒரு வழி கிடைத்தால் போதும் என்பதே அவர் எண்ணம். ஆனால் இறங்கிய பெண்களில் சிலருக்கு, பிரசவம் நெருங்கிய தறுவாயில், அந்த இதமான நீரை விட்டுக் கரையேற மனம் வரவில்லை. அவ்விதம் நீரிலேயே நிகழ்ந்த முதல் நூறு பிரசவங்களைப் பற்றி ஓதான் 1983-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் எழுதிய சிறு கட்டுரை, பல தேசங்களின் வைத்தியர்களிடையே ஆர்வத்தையும் ஆட்சேபத்தையும் ஒருங்கே எழுப்பியது.

இதற்கு முன்னோடியும் பிரான்சிலேயே உண்டு. 1803-இல் நாற்பத்தெட்டு மணி நேரம் வலியால் துன்புற்றுச் சோர்ந்துபோன ஒரு பெண், வெந்நீர்த் தொட்டியில் இறங்கிச் சிறிது நேரத்திலேயே குழந்தையைப் பெற்றதை எம்பிரி என்ற வைத்தியர் குறித்து வைத்தார். மோன்பெலியே நகர மருத்துவச் சங்கத்தின் ஏடுகளில் வெளிவந்த அக்குறிப்புதான் இவ்விஷயத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய மருத்துவப் பதிவு.

வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க காற்றுத் தொட்டி பரவலாகப் பழக்கத்துக்கு வந்த நாடுகளுள் இங்கிலாந்து முக்கியமானது. அதற்குக் காரணம் அந்நாட்டுப் பிரசவ சரித்திரம். 1960-களின் தொடக்கத்தில் அங்கே மூன்றில் ஒரு பங்கு பிரசவங்கள் வீடுகளிலேயே நடந்தன. பிள்ளைப்பேறு அனைத்துக்கும் மருத்துவமனையிலேயே இடவசதி செய்ய வேண்டும் என்று 1970-இல் பீல் குழு சிபாரிசு செய்த பிறகு வீட்டுப் பிரசவம் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்குத் தேய்ந்தது. இருபதாண்டுகள் கழித்துப் பெண்களின் குரல் எழும்பியது. 1992-இல் பாராளுமன்றத்தின் சுகாதாரக் குழு, எந்த நிலையில் எவ்விதம் பிரசவிப்பது என்பதில் தாயின் விருப்பத்துக்கு இடம் கொடுக்கவும், இயன்ற இடங்களில் நீர்த்தொட்டி வசதி அளிக்கவும் பரிந்துரைத்தது. மருத்துவமனைகளில் உறுதியான நிரந்தரத் தொட்டிகள் அமைந்தன. வீட்டிலேயே பெறத் துணிந்தவர்களுக்கோ, பெட்டிக்குள் மடித்து வைக்கக்கூடியதும், பம்பினால் சில நிமிஷங்களில் காற்றடித்து விரிக்கத்தக்கதுமான தொட்டி வந்து சேர்ந்தது.

அத்தொட்டியின் அமைப்பு கவனிக்கத் தகுந்தது. தடித்த பிளாஸ்டிக்கினாலான சுவர், ஒன்றின்மேல் ஒன்றாகத் தனித்தனிக் காற்றறைகள் கொண்டது. ஓர் அறை பழுதுபட்டாலும் மற்றவை நிற்கும். அடித்தளமும் காற்றடைத்த மெத்தையாக இருப்பதால் முழங்காலிட்டு நீண்ட நேரம் இருப்பவளுக்கு மூட்டு நோவதில்லை. வலி வந்து அமுக்கும்போது இறுகப் பற்றிக்கொள்ளப் பிடிகள் உள்ளன. விளிம்பு மிருதுவாக இருப்பதால் அதன்மேல் கைகளை மடித்துத் தலை சாய்த்துக்கொள்ளலாம். உள்ளே விரிக்கும் மெல்லிய உறை ஒரே ஒரு பிரசவத்துக்கு மட்டும் உரியது. இவற்றோடு தண்ணீர் நிரப்பக் குடிநீர்த் தரமுள்ள புதிய குழாய், வெப்பமானி, நீரில் மிதக்கும் அசுத்தங்களை அள்ள ஒரு வடிகட்டி, நீருக்கடியில் குழந்தையின் தலையைப் பார்க்க ஒரு கண்ணாடி, ஒரு கைவிளக்கு ஆகியவையும் வேண்டும்.

நீர் ஏன் ஆறுதல் தருகிறது? மார்பளவு நீரில் அமர்ந்தவளின் உடற்பாரத்தின் பெரும் பகுதியை நீரே தாங்குகிறது. நிலத்தில் பக்கம் மாறிப் படுக்கவே பெருமுயற்சி வேண்டிய நிறைகர்ப்பிணிக்கு, நீரில் ஒரு சிறு அசைவினால் குந்தவும், முழங்காலிடவும், மல்லாக்கச் சாயவும் இயல்கிறது. ஐம்பது சென்டிமீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஏறத்தாழ முப்பத்தேழு மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். வீங்கிய கால்களில் தேங்கியிருக்கும் திரவத்தை இரத்தக் குழாய்களுக்குத் திருப்பி அனுப்ப இவ்வழுத்தம் உதவுகிறது. உஷ்ணம் தசைகளைத் தளர்த்துகிறது. அச்சத்தினால் சுரக்கும் அட்ரினலின் கருப்பையின் சுருக்கங்களைக் குலைக்கக்கூடியது என்பதால், மங்கிய வெளிச்சத்தில், பிறர் கண் படாமல், நீரின் மறைவில் இருக்கும் பெண்ணின் பயம் அடங்குவதும் ஒரு மருந்தே என்பது ஓதானின் வாதம். ஆராய்ச்சிகள் இவ்வளவு உற்சாகமாகப் பேசவில்லை. பதினைந்து பரிசோதனைகளில் பங்குகொண்ட 3,663 பெண்களின் அனுபவத்தை 2018-இல் தொகுத்த காக்ரேன் ஆய்வு, முதுகுத்தண்டின் வழியே மரப்பு மருந்து ஏற்றிக்கொள்ளும் தேவை நூற்றுக்கு நாற்பத்துமூன்றிலிருந்து முப்பத்தொன்பதாகக் குறைகிறது என்று கண்டது. சுகப்பிரசவங்களின் விகிதத்திலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை காணவில்லை. பலன் சிறிதுதான், ஆயினும் வேதனைப்படுகிறவளுக்குச் சிறு ஆறுதலும் சிறிதன்று.

எப்பொழுது இறங்குவது என்பதில் அவசரம் ஆகாது. கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் அளவு விரிவதற்கு முன்பே நீரில் இறங்கியவர்களுக்குப் பிரசவ நேரம் நீண்டதாகவும், வலியைத் தூண்டும் மருந்து அதிகம் தேவைப்பட்டதாகவும் 1997-இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வொன்று தெரிவித்தது. நீரின் உஷ்ணத்தைப் பற்றிய கட்டுப்பாடு இன்னும் கண்டிப்பானது. கர்ப்பத்திலுள்ள சிசுவின் உஷ்ணம் தாயினுடையதைவிட எப்போதும் சற்று அதிகம். அது தன் உஷ்ணத்தைத் தாயின் இரத்தத்திடம் ஒப்படைத்தே ஆறுகிறது. தாய் கொதிப்படைந்தால் சிசுவுக்குப் போக்கிடம் இல்லை. அதன் நாடித் துடிப்பு ஏறும், பிராணவாயுவின் தேவை பெருகும். ஆகவேதான் 37.5 டிகிரி செல்ஸியஸுக்கு மேல் நீர் போகலாகாது என்றும், நீரின் உஷ்ணத்தையும் தாயின் உஷ்ணத்தையும் மணிக்கொரு முறை அளந்து எழுத வேண்டும் என்றும் பிரிட்டிஷ் வழிகாட்டு விதிகள் கூறுகின்றன.

விதி எளிது, ஒரு சாதாரண வீட்டில் அதை நிறைவேற்றுவதுதான் கடினம். தொட்டி சுமார் அறுநூறு லிட்டர் கொள்ளும். பத்து டிகிரியில் வரும் குளிர்காலக் குழாய்த் தண்ணீரை முப்பத்தேழுக்கு ஏற்ற ஏறத்தாழ பத்தொன்பது யூனிட் மின்சக்தி செலவாகும். மூன்று கிலோவாட் வெந்நீர்க் கருவி ஒன்று ஆறு மணி நேரத்துக்கு மேல் இடையறாது உழைத்தாக வேண்டும். வீட்டு வெந்நீர்க் கலம் நூற்றைம்பது லிட்டரோடு தீர்ந்துபோய்விட்டால், அடுப்பில் கொதிக்கவைத்த நீரைக் கணவர் பானை பானையாகச் சுமக்க வேண்டியதுதான். நிரம்பிய பின்னும் நிம்மதி இல்லை: ஒரே ஒரு லிட்டர் நீர் ஆவியாகிப் போனால், அது எடுத்துச் செல்லும் உஷ்ணத்தால் தொட்டி முழுவதும் ஏறத்தாழ ஒரு டிகிரி குளிர்ந்துவிடும், மூடி போட்டு வைப்பது இதற்காகவே. பாரத்தையும் மறக்கலாகாது. அறுநூறு லிட்டர் என்றால் அறுநூறு கிலோ. அரை மீட்டர் ஆழ நீர் சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோ வீதம் தரையை அழுத்துகிறது. மரச் சட்டங்களின்மேல் பலகை பரப்பிய ஆங்கிலேய மாடிகளோ, சராசரியாகச் சதுர மீட்டருக்கு நூற்றைம்பது கிலோ என்ற கணக்கில் அமைந்தவை. தொட்டி அறையின் ஒரு மூலையை மட்டுமே அடைப்பதால் பெரும்பாலும் தரை தாங்கிக்கொள்கிறது. ஆயினும் கீழ்த்தளமே உத்தமம், மாடியானால் சுவரோரம் சட்டங்களுக்குக் குறுக்காக வைப்பதும், சந்தேகம் இருந்தால் கட்டட நிபுணரை அழைப்பதுமே விவேகம்.

நிரப்புவதில் உள்ள இந்தச் சிரமத்திலிருந்துதான் ஒரு பெரிய அபாயம் முளைத்தது. வலி நள்ளிரவில் வரலாம், விரைவாகவும் முற்றலாம். அப்போது நீருக்கு எங்கே போவது என்ற கவலையில், வெப்பமூட்டியும் நீரைச் சுழற்றும் பம்பும் பொருத்திய தொட்டிகளை வாடகைக்கு எடுத்துச் சில நாட்களுக்கு, சில வாரங்களுக்கு முன்பே நிரப்பி இளஞ்சூட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கிலாந்தில் தோன்றியது. லீஜியனெல்லா என்னும் கிருமி குழாய்த் தண்ணீரில் மிகச் சொற்பமாக இருப்பது இயல்பு. அளவில் குறைந்திருக்கும்வரை அதனால் பெரும்பாலும் கேடில்லை. 1976-இல் பிலடெல்பியா நகர ஹோட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர் மாநாட்டினரைக் கொடிய நிமோனியாவால் தாக்கித் தன் பெயரைப் பெற்ற கிருமி அது. இருபதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட உஷ்ணத்தில் அது செழித்துப் பெருகும். பிரசவத் தொட்டிக்குரிய முப்பத்தேழு டிகிரி அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது என்பதையும், பம்பின் குழல்களுக்குள் படியும் வழுவழுப்பான படலம் கிருமிக்கு உறைவிடமாகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு வாரம் இளஞ்சூட்டில் தேங்கிய நீர், உறையிட்ட பாலைப் போல, கிருமி பெருகுவதற்கென்றே வைக்கப்பட்டது ஆகிவிடுகிறது. 2014-இல் அவ்விதம் இரண்டு வாரம் முன்னதாக நிரப்பிய தொட்டியில் வீட்டிலே பிறந்த ஒரு குழந்தை லீஜியனெல்லா நிமோனியாவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, முன்கூட்டி நிரப்பி வெப்பமூட்டிச் சுழற்றும் தொட்டிகளை வீட்டுப் பிரசவத்துக்கு உபயோகிக்கலாகாது என்று எச்சரிக்கை விடுத்தது. அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்திலும் 2016-இல் வீட்டு நீர்ப்பிரசவத்தில் பிறந்த இரு சிசுக்களுக்கு இந்நோய் கண்டது. வலி ஆரம்பித்த பிறகு, குழாயைச் சற்று நேரம் திறந்துவிட்டுத் தேங்கிய நீரைக் கழித்து, அதன்பின் புதுநீரால் நிரப்பும் வெறும் தொட்டியே நல்லது. சுகமாகத் தோன்றிய ஏற்பாடு அபாயமாகவும், சிரமமான ஏற்பாடு பாதுகாப்பாகவும் முடிந்ததை இவ்விஷயத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

நீருக்குள் பிறக்கும் குழந்தை ஏன் மூச்சுத் திணறுவதில்லை என்ற கேள்வி எல்லார் மனத்திலும் எழுவது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பால் ஜான்சன் என்னும் விஞ்ஞானி 1996-இல் இதற்கு விளக்கம் எழுதினார். கர்ப்பத்தில் சிசுவின் நுரையீரல் திரவத்தால் நிறைந்திருக்கிறது. அதற்குப் பிராணவாயு தொப்புள்கொடி வழியே வருகிறது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் சில சுரப்புகள், பிரசவம் நெருங்குகையில், அதன் மூச்சசைவுகளை அடக்கி வைக்கின்றன. வெதுவெதுப்பான நீர் அந்நிலையைக் குலைப்பதில்லை. குரல்வளையிலுள்ள நுண்ணிய உணர்வுறுப்புகள் நீர் பட்டவுடன் தொண்டையை அடைத்து மூச்சை நிறுத்துகின்றன. முகத்தில் குளிர்ந்த காற்று படுவதும், தொப்புள்கொடியின் ஓட்டம் தளர்வதும் சேர்ந்தே முதல் மூச்சைத் தூண்டுகின்றன. ஆனால் இக்காவல் ஆரோக்கியமான சிசுவுக்கு மட்டுமே உரியது. பிராணவாயு குறைந்து தத்தளிக்கும் சிசு, எல்லாத் தடைகளையும் மீறி நீருக்குள்ளேயே மூச்சை இழுக்கக்கூடும். ஆகவே பிரசவத்தின்போது சிசுவின் இதயத் துடிப்பை நீர் புகாத கருவியால் குறித்த இடைவெளிகளில் தவறாமல் கவனித்து வர வேண்டும்; தலை வெளிப்பட்ட பின் தாய் எழுந்து அத்தலை ஒருமுறை காற்றைத் தொட்டுவிட்டால், அதை மறுபடி நீரில் அமிழ்த்தலாகாது; முழுவதும் நீருக்குள் பிறந்த குழந்தையை உடனே, ஆனால் பதற்றமின்றி, மேலே கொணர வேண்டும். பதறி இழுத்தால் தொப்புள்கொடி அறுந்து, குழந்தை இரத்தம் இழக்க நேரும்.

இவ்வளவையும் அறிந்து செய்பவள் மருத்துவச்சி. இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவையின் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் இருவர் பிரசவ வேளையில் வீட்டில் இருப்பது வழக்கம். பாதி பிராணவாயுவும் பாதி நைட்ரஸ் ஆக்ஸைடும் கலந்த வாயுவை நீரில் இருந்தபடியே தாய்க்குச் சுவாசிக்கக் கொடுப்பார்கள். மயக்கம் தரும் ஊசி போட்டிருந்தாலோ, இரண்டு மணி நேரம் கழியும்வரை தண்ணீரில் இறங்க அனுமதிப்பதில்லை. குறை மாதம், இரட்டைக் குழந்தை, குறுக்கே கிடக்கும் சிசு, இரத்தக் கொதிப்பு ஆகியவை உள்ளவர்களை வீட்டுப் பிரசவத்துக்கே ஊக்குவிப்பதில்லை. அப்படிச் சலித்தெடுத்த பின்னும் நிலைமை எத்தகையது என்பதை 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டுகிறது. அபாயம் குறைந்த 64,538 பெண்களைத் தொடர்ந்த அந்த ஆராய்ச்சியில், முன்பே குழந்தை பெற்றவர்களுக்கு வீடும் மருத்துவமனையும் சிசுவின் நலனில் வேறுபடவில்லை. முதற்பிரசவத்திலோ சிசுவுக்குக் கடுங்கேடு நேர்ந்தது மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3 ஆகவும், வீட்டில் 9.3 ஆகவும் இருந்தது; வீட்டில் தொடங்கிய முதற்கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் இடையிலேயே மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. சிறிது தூரத்தில் மருத்துவமனையும் அழைத்தவுடன் வரும் வாகனமும் இல்லாவிட்டால் இந்த ஏற்பாடே இல்லை. பிரசவங்கள் ஏறக்குறைய யாவும் மருத்துவமனைகளில் நடக்கும் தமிழ்நாட்டில் இத்தகைய வீட்டு மருத்துவச்சி முறை கிடையாது என்பதால், தொட்டியை மட்டும் வாங்கிவைத்து இதைப் பின்பற்ற எவரேனும் முனைவது பெருந்தவறாகும்.

மருத்துவர்களின் அபிப்பிராயம் இன்றும் ஒருமித்ததன்று. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2016-இல், வலிப்பருவத்தில் நீரில் இருப்பதை ஏற்றுக்கொண்டபோதிலும், குழந்தை நிலத்திலேயே பிறப்பது நலம் என்று கூறியது. பிரிட்டனிலோ இருபத்தாறு சுகாதார நிறுவனங்களின் பல்லாயிரம் பதிவுகளை ஆராய்ந்து கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் 2024-இல் வெளியிட்ட முடிவு, வலியை நீரில் கழித்த குறைந்த அபாயமுள்ள பெண்களில், நீரிலேயே பெற்றவர்களுக்கும் வெளியேறிப் பெற்றவர்களுக்கும் இடையே தாய்க்குப் பெருங்கிழிசலோ சிசுவுக்குக் கேடோ அதிகரிக்கவில்லை என்பது. தொப்புள்கொடி அறுவது மட்டும், அரிதே ஆயினும், நீரில் சற்று மிகுதியாகக் காணப்பட்டது.

குழந்தை பிறந்த பின் நீரில் கலந்த இரத்தம் இவ்வளவென்று கணிப்பது எளிதன்று. நஞ்சுக்கொடி வெளிவரும் முன்பே பல மருத்துவச்சிகள் தாயைக் கைத்தாங்கலாகக் கரையேற்றிப் படுக்கையில் அமர்த்துவதற்குக் காரணம் அதுவே. பிறகு நீரை அமிழ் பம்பினால் உறிஞ்சிக் கழிப்பறை வழியே வெளியேற்றி, உறையை மருத்துவக் கழிவோடு அப்புறப்படுத்தி, தொட்டியைக் கிருமிநாசினியால் துடைத்து நன்றாக உலர்த்திய பின்பே மடிக்கிறார்கள்; நீரை வடித்த பம்பையும் குழாயையும், நிரப்புவதற்கு வைத்திருந்தவற்றோடு ஒருபோதும் கலப்பதில்லை.