டெராஃபார்மில் தரவு வகை வரையறை

தரவு வகை வரையறை என்பது, ஒரு மாறி எத்தகைய மதிப்பை ஏற்கலாம் என்பதை முன்கூட்டியே குறிப்பிடுவதாகும். மேகக் கணிமை வளங்களை அமைக்க உதவும் டெராஃபார்ம் மென்பொருளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. ஹாஷிகார்ப் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்மென்பொருள், வழங்கி, வலையமைப்பு, தரவுத்தளம் போன்ற வளங்களை உரைக் கோப்பில் எழுதிவைத்து, அதன்படி உருவாக்கித் தருகிறது.

தேவை

விண்ணப்பப் படிவத்தில் வயதுக்கான கட்டத்தில் ஊர்ப்பெயரை எழுதினால் படிவம் செல்லாது. அதுபோலவே, வழங்கிகளின் எண்ணிக்கையைக் கேட்கும் மாறிக்கு "மூன்று" என எழுத்தில் கொடுத்தால் டெராஃபார்ம் பிழை காட்டி நின்றுவிடும். திட்டமிடும் கட்டத்திலேயே தவறு தெரிந்துவிடுவதால் எந்த வளமும் உருவாவதில்லை, செலவும் ஏற்படுவதில்லை. ஆனால், மேற்கோள் குறிக்குள் "3" என எழுதினால் அதை எண்ணாக மாற்றி ஏற்றுக்கொள்ளும்.

வகைகள்

- அடிப்படை வகைகள்: ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்), நம்பர் (எண்), பூல் (ஆம் அல்லது இல்லை).
- தொகுப்பு வகைகள்: லிஸ்ட் (வரிசையுள்ள பட்டியல்), செட் (வரிசையும் இரட்டிப்பும் இல்லாத கணம்), மேப் (பெயரும் மதிப்பும் கொண்ட இணைகள்). ஒரு தொகுப்பின் உறுப்புகள் யாவும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.
- கட்டமைப்பு வகைகள்: ஆப்ஜெக்ட், டூப்பிள். இவற்றில் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி வகை இருக்கலாம்.

தொடக்கத்தில் மாறிகளுக்கு ஸ்ட்ரிங், லிஸ்ட், மேப் ஆகிய மூன்றை மட்டுமே குறிப்பிட முடிந்தது. 2019இல் வெளியான 0.12 பதிப்பில் மற்றவை சேர்ந்தன.

பட்டியலும் கணமும்

வகையைத் தேர்ந்தெடுப்பது வளங்களின் பாதுகாப்பையும் பாதிக்கும். சேர்க்கை, தேர்வு, முடிவு என்னும் மூன்று வழங்கிகளைப் பட்டியலாக எழுதி, கவுண்ட் முறையில் உருவாக்குவதாகக் கொள்வோம். டெராஃபார்ம் அவற்றை 0, 1, 2 என்னும் வரிசை எண்களால் அடையாளம் காணும். பின்னர் 'சேர்க்கை'யை நீக்கினால், 'தேர்வு' 0 ஆகவும் 'முடிவு' 1 ஆகவும் நகரும். பெயரை மாற்ற இயலாத வளமாக இருந்தால், மூன்றும் அழிக்கப்பட்டு இரண்டு புதிதாக உருவாகும். அவற்றில் சேமித்த தரவும் அழியக்கூடும்.

அதே பெயர்களைக் கணமாகவோ மேப்பாகவோ எழுதி, ஃபார் ஈச் முறையில் உருவாக்கினால் பெயரே அடையாளமாகிறது. அப்போது 'சேர்க்கை' மட்டும் நீங்கும். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும்.

வரம்பு

வகை சரியாக இருப்பதால் மதிப்பும் சரி என்று ஆகிவிடாது. 3 என்பதற்குப் பதிலாக 300 என எழுதினாலும் அது எண்ணே. இதைத் தடுக்க, 'வேலிடேஷன்' என்னும் பகுதியில் "10க்கு மேல் கூடாது" என்பது போன்ற நிபந்தனையை எழுதலாம். எவ்வாறாயினும், ஒப்புதல் தரும் முன் திட்ட அறிக்கையில் எத்தனை வளங்கள் அழிக்கப்படும் என்பதைப் படித்துப் பார்ப்பது அவசியம்.