மலைத்தீயும் கடைசித் தெருவும்

மாசி பாதி கழிந்துவிட்டால் போடி மலையில் புல்லெல்லாம் காய்ந்து பழுப்பேறிவிடும். இரவில் சரிவில் ஒரு சிவப்புக் கோடு நெளிவதைத் தேனி மாவட்டத்து அடிவார ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கோடு தெரிந்ததும் எந்தத் தெருவின் கதவு முதலில் தட்டப்படுகிறது? பெரும்பாலும் அது ஊரின் கடைசித் தெரு, அதாவது நம் தெரு.

2018 மார்ச் 11. குரங்கணி மலையில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்துபோனார்கள். ஹெலிகாப்டர்கள் வந்தது பிறகுதான். முதலில் மேலே ஏறியவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். அவர்களுக்குப் பாதை தெரியும், காற்றின் போக்கும் தெரியும். காலில் நல்ல செருப்புக்கூட இல்லாமல் ஏறியவர்கள் அவர்களில் எத்தனை பேரோ?

இந்த அறிவுக்கு என்ன மதிப்பு கிடைக்கிறது? கோடையில் ஃபயர் லைன் வெட்டவும், தீக்காவலுக்கும் கூலிக்குப் போகிறவர்களில் தலித்துகளும் பளியர்களும் கணிசமானோர். பச்சைக் கொப்பை ஒடித்து அடித்தே தீயை அணைக்கிறார்கள். சீசன் முடிந்தால் வேலை முடிந்தது. ஆனால் எங்காவது தீ பிடித்தால் ஆடு மேய்த்தவரும் விறகு பொறுக்கியவரும்தான் முதல் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். அணைக்கக் கூப்பிடுவதும் நம்மை, குற்றம் சொல்வதும் நம்மை என்று ஒரு பெரியவர் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். நம் காடுகளில் பெரும்பாலான தீ மனிதர்களால் வருவது உண்மைதான். அணையாத பீடி, சுற்றுலா வந்தவர்கள் சமைத்த அடுப்பு, புதுப்புல் முளைக்க வைக்கும் நெருப்பு என்று காரணங்கள் பல. பழி மட்டும் ஒரே தெருவுக்கு வருவது எந்த நியாயம்?

மலைத்தீ மலையோடு நிற்பதும் இல்லை. அடிவாரத்தில் நம் குடியிருப்புகளை ஒட்டிப் புறம்போக்கும் காய்ந்த புல்லும் உண்ணிச்செடிப் புதரும் கிடக்கின்றன. பல இடங்களில் தீயணைப்பு வண்டி திரும்பும் அளவுக்குப் பாதை கிடையாது. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் கடைசிக் குழாய்க்கு வரும்போது சொட்டாகிவிடுகிறது. நம் தெருவை ஊருக்குக் கடைசியில் ஒதுக்கி வைத்தது சாதி. தீ வரும்போது அந்த ஒதுக்கல்தான் உயிருக்கு ஆபத்தாகிறது. ஆகவே தீத்தடுப்பு ஆயத்தம் என்பது பாதை கேட்பதும் தண்ணீர் கேட்பதும்தான்.

முதலில் நாமே செய்யக்கூடியவை. தை மாதத்துக்குள் குடியிருப்பைச் சுற்றிக் காய்ந்த புல்லை வெட்டி, மண் தெரியும்படி ஓர் அகலமான பாதை போடலாம். வைக்கோல் படப்பையும் விறகுக் கட்டையும் கூரையை ஒட்டி வைக்கக் கூடாது. தெருவுக்கு இரண்டு இடத்தில் தண்ணீர் நிரம்பிய டிரம்மும் ஈரச் சாக்கும் இருக்க வேண்டும். நடக்க முடியாத முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ள வீடுகளைப் பட்டியல் எழுதி, யார் யாரைத் தூக்கி வருவது என்று இப்போதே பேசி வைக்க வேண்டும். தீ நெருங்கினால் ஆடுமாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு சாதிச் சான்றிதழுக்காக நாம் எத்தனை முறை நடந்தோம் என்பது நமக்குத் தெரியும்.

மலைக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாகப் போகும். கீழே எரியும் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. அதனால் தீக்கு மேலே நிற்கவோ மேல்நோக்கி ஓடவோ கூடாது. பக்கவாட்டில் விலகி, பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து முடிந்த கரிக்காட்டுக்கோ போக வேண்டும். பாலியெஸ்டர் துணி உருகி உடம்பில் ஒட்டும். பருத்தித் துணியே நல்லது.

அடுத்து, அரசிடம் கேட்க வேண்டியவை. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அதில் நவம்பர் 1, ஜனவரி 26 கூட்டங்கள் தீக்காலத்துக்கு முன்பே வருகின்றன. வண்டி வரும் பாதை, கடைசித் தெருவுக்குத் தனிக் குழாய் அல்லது தொட்டி, தீயணைக்கப் போகிறவர்களுக்குக் காலணி, கையுறை, காயம்பட்டால் இழப்பீடு, செய்த வேலைக்கு உரிய கூலி. இவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, நகல் வாங்க வேண்டும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டைப் பாதுகாக்கும் அதிகாரத்தை உரிமை பெற்றவர்களுக்கும் கிராம சபைக்கும் தருகிறது. பழங்குடி அல்லாதவர்கள் 75 ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்பது தலித்துகளுக்குப் பெரிய தடை. காகிதம் இல்லாத பாட்டனுக்கு எங்கே போவது? ஆனால் பெரியவர்களின் எழுத்துமூல வாக்குமூலம், பழைய கிணறு, இடுகாடு ஆகியவற்றையும் சான்றாக விதிகள் ஏற்கின்றன. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவோ, நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பேரிடர் நிவாரண நிதி தீவிபத்துக்கும் உண்டு. கூரை எரிந்தவர் பிச்சை கேட்டு நிற்க வேண்டியதில்லை, உரிமை கேட்கலாம்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை உண்டு. செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டறிந்து இந்திய வன அளவை நிறுவனம் செய்தி அனுப்புகிறது. ஆனால் செயற்கைக்கோள் நாளில் சில முறைதான் கடந்து போகும். இடையில் நம் கண்தான் காவல். எந்த ஓடை, எந்தப் பாறை, எந்த ஒற்றையடிப் பாதை என்பது ஊர்ப் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. அதை அவர்களிடம் கேட்டு வரைபடமாக்குங்கள். 101, 112 எண்களையும், உங்கள் வனச்சரக அலுவலக எண்ணையும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்த தீயை நாம் மறக்கவில்லை. அது ஆதிக்கம் மூட்டிய தீ. மலைத்தீ அப்படியல்ல. ஆனால் அது யாரை முதலில் சுடும் என்பதைத் தீர்மானிப்பதும் பாதையும் தண்ணீரும் நிலமும் யாரிடம் இருக்கின்றன என்பதுதான். அடுத்த முறை கதவு தட்டப்படும்போது, செருப்பில்லாமல் ஏறப் போகிறோமா? அடுத்த கிராம சபையில் இதைக் கேட்போம்.