ஊருக்குச் சொந்தமான விளக்கு

மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்துவதோடு நம் தொடர்பு முடிந்ததென்றே நாம் எண்ணுகிறோம். மின்சாரம் வழங்கும் அமைப்பே ஊராருக்குச் சொந்தமாயின் எவ்வாறிருக்கும்?

கிராம மின்மயமாக்கக் கழகம் 1969ஆம் ஆண்டு தோன்றியது. அதன் உதவியுடன் ஐந்து மாநிலங்களில் மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் சோதனை முயற்சியாக அமைந்தன. இன்று தெலங்கானாவிலுள்ள சிரிசில்லாவில் 1970இல் எழுந்த சங்கம் அவற்றுள் ஒன்று. மின்சாரத்தை மொத்தமாக வாங்கி, கிணற்றுப் பம்பு செட்டுகளுக்கும் விசைத்தறிகளுக்கும் வீடுகளுக்கும் அது வழங்கி வருகிறது. பங்குத்தொகை செலுத்திய உறுப்பினர்களே வாக்களித்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். கம்பி அறுந்தால், தாம் தேர்ந்தெடுத்தவரையே அவர்கள் கேட்கலாம்.

மகாராஷ்டிரத்தின் முளா-பிரவரா சங்கமும் இவ்வாறே தொடங்கிற்று. ஆயினும், வாங்கிய மின்சாரத்துக்குரிய நிலுவை ஆண்டுதோறும் பெருகியது. 2011இல் விநியோகப் பொறுப்பு அதன் கையைவிட்டு மாநில மின் விநியோக நிறுவனத்திடம் சென்றது. ஊராரின் சொத்தாயிருந்தும் கடன் அதனை விடவில்லை.

நாமும் ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள். சந்தாவைக் காலத்தில் செலுத்தி, பொதுக்கூட்டத்துக்கு வந்து, கணக்கைக் கேட்டு, வாக்களிப்போர் இருக்கும்வரையே எச்சங்கமும் உறுப்பினருடையதாய் நிலைக்கும்.